செட்டிநாட்டில் புது வீடு: பிளானுக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

செட்டிநாட்டில் இன்று வீடு கட்டக் கிளம்புகிறவர்களில் பலர் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர். பணம் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறது. குடியிருக்கப் போவது ஊரில் இருக்கும் அப்பச்சியும் ஆத்தாளும், அதாவது அப்பாவும் அம்மாவும். மேஸ்திரியிடம் நின்று வேலை வாங்கப் போவது மைத்துனரோ சித்தப்பா மகனோ. மூன்று தரப்பின் மனத்திலும் மூன்று வீடுகள் இருக்கின்றன. மனை வாங்கியாயிற்று, நல்ல நாள் குறித்தாயிற்று என்றதும் பிளான் போடச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மூன்றில் எந்த வீட்டுக்குப் பிளான் என்பதை மட்டும் யாரும் பேசி முடிப்பதில்லை.

முன்பெல்லாம் அனுமதிக்குக் காத்திருக்கும் காலமாவது யோசிக்க அவகாசம் தந்தது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கூறும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் யோசனை முடியாத பிளானுக்கும் அதே வேகத்தில் அனுமதி வந்துவிடும். எனவே அவகாசத்தை இனி நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், ஒரு ஆர்க்கிடெக்ட் செய்ய வேண்டிய பணிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அதில் முதலில் வருவது வரைபடம் அல்ல. வீட்டுக்காரரின் தேவையை அறிவது, மனையின் சாதக பாதகங்களைப் பார்ப்பது, இரண்டையும் வைத்துத் தேவைக் குறிப்பு ஒன்றை எழுதி ஒப்புதல் வாங்குவது ஆகியவைதான் முதல் வேலை. நம் பக்கத்தில் அதிகம் தாண்டிப் போகப்படும் கட்டமும் இதுவே. வீட்டு வரைபடங்களோடு புழங்குகிறவன் என்ற முறையில், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் மக்கள் தங்கள் தேவையைச் சொல்லும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

மிகப் பழக்கமான வழி சதுர அடிக் கணக்கு. "மூன்று படுக்கையறை, ஒரு ஹால், பூஜையறை, 1,400 சதுர அடிக்குள்" என்று இன்ஜினீயரிடமோ காண்ட்ராக்டரிடமோ சொல்வது. விலை உடனே தெரிந்துவிடும், பேரம் பேச முடியும், வேலையும் சீக்கிரம் தொடங்கும். வாடகைக்கு விடும் வீடென்றால் இந்த வழியே போதும் என்று சொல்வேன். குடியிருக்கப் போகிறவர் யாரென்றே தெரியாதபோது, பொதுவான வீடுதான் சரியான வீடு.

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இது போதாது. ஒரே எண்ணை இருவரும் ஒரே பொருளில் சொல்வதில்லை என்பது முதல் காரணம். உள் அளவில் பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. நான்கு புறமும் ஒன்பது அங்குலச் சுவரைச் சேர்த்தால் அதுவே பதினொன்றரைக்குப் பதின்மூன்றரை ஆகிறது, அதாவது 155 சதுர அடி. வீட்டுக்காரர் கட்டில் போடும் இடத்தை நினைத்துப் பேசுகிறார். காண்ட்ராக்டர் சுவரின் வெளி விளிம்பிலிருந்து அளக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முதல் மனக்கசப்பு இங்கேதான் பிறக்கிறது. இரண்டாவதாக, சதுர அடி ரேட்டில் சேராதவை நிறைய. காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, அலமாரி வேலை எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. கிரகப்பிரவேசச் செலவும் அதே பையிலிருந்துதான் போகிறது. கையில் உள்ள மொத்தத் தொகையை ரேட்டால் வகுத்து "இத்தனை சதுர அடி கட்டலாம்" என்று முடிவு செய்தவர்கள் ரூஃப் காங்கிரீட்டுக்குப் பிறகு திணறுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது படம் காட்டுவது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்பைக் கைப்பேசியில் காட்டி, "இந்த மாதிரி வேண்டும்" என்பது. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மனத்தில் உள்ள ஏக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை. பர்மா தேக்குத் தூணும், ஆத்தங்குடித் தரைக்கல்லும், கண்ணாடிபோல மின்னும் சுண்ணாம்புப் பூச்சும் நம் ஊரின் பெருமை. 2014இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் படம் என்ன வேண்டும் என்பதைக் காட்டுமே தவிர, எதற்காக வேண்டும் என்பதைச் சொல்லாது.

வளவை, அதாவது வீட்டு நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டுகிற பாதிப் பேர் "நடுவில் ஒரு வளவு வேண்டும்" என்கிறார்கள். ஐந்தரை சென்ட் மனை, ஏறக்குறைய 2,400 சதுர அடி. நான்கு பக்கமும் இடம் விட்டபின் தரைத்தளம் 1,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து அடி திறப்பு, சுற்றிலும் நான்கடி நடை என்றால் பதினெட்டுக்குப் பதினெட்டு. 324 சதுர அடி போய்விட்டது. தரைத்தளத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு படுக்கையறையும் சாமான் அறையும் அதற்குள் அடங்கும். இவ்வளவு கொடுத்து வாங்கும் வளவு என்ன செய்கிறது? பெரிய வீடுகளில் அது வெளிச்சம் தந்தது, சூடான காற்றை மேலே அனுப்பியது, மழைத் தண்ணீரை வாங்கியது, வளவைச் சுற்றிய இரட்டை வீடுகள் என்ற அறைகளில் இருந்த ஒவ்வொரு புள்ளியும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும், தம் பங்கிலிருந்து இறங்கி வந்து கூடும் இடமாகவும் இருந்தது. தெருவுக்குத் தெரு நீண்ட மனையும் உயரமான கூரையும் இருந்ததால் அத்தனையும் நடந்தன. புது வீட்டில் திருடன் பயம், குரங்குத் தொல்லை என்று மேலே கம்பியும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு அடைத்துவிடுகிறோம். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சித்திரை மாதம் அந்த நடையில் உட்கார முடிவதில்லை.

திறந்தே விட்டாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஆண்டில் எத்தனை மாதம் வீடு பூட்டியிருக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டின் வளவில் நாலு வேப்பிலைச் சருகு வடிகால் துளையை அடைத்தால் போதும், தண்ணீர் நடைக்கு ஏறி அறைக்குள் போய்விடும். எட்டிப் பார்க்க ஆள் உண்டா என்பதை வைத்துத்தான் திறந்த வளவு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். வெளிச்சம்தான் தேவை என்றால் மாடிப்படிக் கூண்டில் உயரமான ஜன்னல்கள் அதைச் செய்யும். எல்லோரும் கூடி உட்கார இடம் வேண்டும் என்றால் முன்பக்கம் எட்டடி அகலத் தாழ்வாரமாகப் பத்தி ஒன்று போதும். இரண்டும் வேண்டாம், வளவுதான் வேண்டும், அது நம் வீட்டு அடையாளம் என்றால் அதுவும் நியாயமான தேவைதான். அப்போது அதற்காக எதை விடப் போகிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூணிலும் இதே கதை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தூண் ஜோடி ஒன்று மனத்துக்குப் பிடித்து வாங்கிவிட்டால், அந்தத் தூணின் உயரம்தான் இனி முன்பத்தியின் உயரம். பிளான் முடிந்தபின் வாங்கினால் அடியில் கல் கொடுக்க வேண்டும், அல்லது தூணை அறுக்க வேண்டும். ஒரு தேக்குத் தூணை அறுப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆத்தங்குடிக் கல்லும் ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். எந்தெந்த அறையில் என்று முன்பே சொன்னால்தான் தரைமட்டம் ஒத்துவரும்.

மூன்றாவது, ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அனுப்பும் வினாத்தாள். எத்தனை பேர், என்ன வயது, எத்தனை வண்டி, மாடி வேண்டுமா, வாஸ்து பார்ப்பீர்களா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வசதி. பதில் எழுத்தில் இருப்பதால் பின்னால் தகராறு வராது. இதன் குறை, பதில் எழுதுகிறவர் ஒருவரே என்பதுதான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஆத்தாளின் சமையலறைத் தேவையை எழுதுகிறார். கணவன், மனைவி, பெற்றோர் தனித்தனியாகப் பதில் எழுதி, வேறுபடும் இடங்களை மட்டும் பிறகு பேசினால் இந்த வழி பல மடங்கு பயன் தரும். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு.

நான்காவது, எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுவது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த காடில், ரோலெட், ஸ்காட் என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனம் 1940களின் இறுதியில் ஓக்லஹோமா மாநிலத்தின் பிளாக்வெல் என்ற ஊருக்குப் பள்ளிக்கூடம் வரைந்தது. தொலைவிலிருந்து வரைந்து அனுப்பியவற்றில் பள்ளி நிர்வாகத்துக்குத் திருப்தி இல்லை. கடைசியில் வரைபடப் பலகைகளோடு அந்த ஊருக்கே போய், முடிவு வரும்வரை தங்கிவிட்டார்கள். அதையே பிறகு தங்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் வில்லியம் பேன்யா இந்த முறைக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார். வரையத் தொடங்கும் முன் சிக்கல் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும், தேவையையும் ஆசையையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்பட்ட முறை என்றாலும், தொலைவில் இருக்கும் பணம், ஊரில் இருக்கும் வாழ்க்கை என்ற நம் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது.

நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பிள்ளையார் நோன்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி என்று ஏதாவது ஒன்றுக்குக் குடும்பம் ஊரில் கூடியே தீரும். அதற்கு மறுநாளையும் அடுத்த நாளையும் ஆர்க்கிடெக்டுக்கு ஒதுக்கி, பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீகப் பெரிய வீட்டின் பட்டாலையிலேயே, அதாவது கூடத்திலேயே, உட்கார்ந்துவிடலாம். பெரிய வீட்டில் உட்காரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புது வீட்டுக்காகச் சொல்லப்படும் தேவைகளில் கணிசமானவை உண்மையில் பெரிய வீடு ஏற்கனவே தாங்கிக்கொண்டிருப்பவை. படைப்பு அங்கேதான் நடக்கும். கல்யாணம் அங்கே நடக்கும், இல்லாவிட்டால் மண்டபத்தில். ஐம்பது பேர் சாப்பிடும் கூடம், பெரிய அடுப்படி, கோட்டை அடுப்பு போடும் கொல்லை எல்லாவற்றையும் ஐந்தரை சென்டில் மறுபடி கட்ட வேண்டுமா? பெரிய வீட்டில் நமக்கு இருக்கும் பங்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா, பங்காளிகளோடு பேச்சு எப்படி, இருபது ஆண்டு கழித்தும் அது நிற்குமா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் புது வீட்டின் அளவு தானாகத் தெரியவரும். சில குடும்பங்களில், புது வீடே தேவையில்லை, பெரிய வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் இரண்டு கழிப்பறை கட்டி, கூரை ஓடுகளை மாற்றினால் போதும் என்ற முடிவும் வரக்கூடும். மற்ற மூன்று வழிகளிலும் இந்தப் பதில் வெளிவர வாய்ப்பே இல்லை.

உட்கார்ந்தால் மட்டும் போதாது, கேட்கும் விதமும் முக்கியம். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் அறைகளின் பெயர் வரும். "காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டால் வாழ்க்கை வரும். இப்படி ஒரு பேச்சில் மகனும் மருமகளும் எலிவேஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி, "எனக்கென்ன, நீங்கள் எப்படிக் கட்டினாலும் சரி" என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டபோதுதான், மாசி பிறந்தால் வற்றலும் வடகமும் மோர்மிளகாயும் காயப் போடுவது, பேரப்பிள்ளைகளுக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்புவது, இரண்டு மணிக்கொரு தரம் போய்ப் புரட்டிவிடுவது எல்லாம் வந்தன. கையில் இருந்த பிளானில் மொட்டைமாடிக்குப் போக வெளியே ஒரு வளைவு இரும்புப் படி. முழங்கால் வலியோடு அதில் முறத்தைத் தூக்கிக்கொண்டு அவர் எப்படி ஏறுவார்? பேசிப் பார்த்ததில் மாடியே தேவைப்படவில்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் தெற்கு வெயில் நாள் முழுக்க விழும் ஆறடி அகலச் சிமெண்ட் தளம், மேலே காக்கையும் குரங்கும் வராதபடி வலை. செலவு மிகச் சொற்பம். அவருக்கு அதுதான் வீடு. வினாத்தாளில் இந்தக் கேள்வி இருந்திருக்காது. இருந்தாலும் பதில் எழுதியிருக்கப் போவது மகன்.

சாமான் விஷயமும் இப்படித்தான். நம் வீட்டுப் பெண்களுக்குச் சீராக வந்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், ஓலைக் கொட்டான்கள் எல்லாம் எங்கே போகும் என்று பிளானில் எழுதியிருப்பதில்லை. எத்தனை டிரங்குப் பெட்டி, எத்தனை பீரோ, எதை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பீர்கள், எதை எடுப்பதே இல்லை என்று பெரிய வீட்டில் சாமான் வைக்கும் உள்வீட்டைத் திறந்து பார்த்தே எண்ணிவிடலாம். பாதி அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானால் ஒரு அறை மிச்சம்.

முதுமையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தயக்கம். ஆனால் ஊரில் கட்டும் வீடு பெரும்பாலும் கடைசிக் காலத்துக்கான வீடு. நம் பக்கம் பேஸ்மட்டம் உயரமாக இருக்க வேண்டும் என்பது கௌரவமாகவே பார்க்கப்படுகிறது. மூன்றடி உயரம் வைத்தால், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். சின்ன மனையில் அது நேராகப் போகவே இடம் இல்லை. ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடியில் முடிந்துவிடும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சாலை இன்னும் உயருமா என்று பார்த்து, உயரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று இப்போதே பேச வேண்டும். கழிப்பறைக் கதவு மூன்றடி அகலம், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை என்பவையும் இத்துடன் சேரும். மேஸ்திரி மட்டக்கயிறு கட்டியபின் இதில் எதையும் மாற்றுவது கடினம்.

நீங்கள் வாஸ்து பார்ப்பவராக இருந்தால், வாஸ்து சொல்பவரையும் இந்த இரண்டு நாளுக்குள் அழைத்துவிடுங்கள். பிளான் முடிந்தபின் அவர் வந்தால் வேலை மறுபடி தொடங்கும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். எல்லோரும் கூடினால் குரல் உயர்ந்தவரின் தேவை முதலில் எழுதப்படும். மூத்தவர் முன்னால் மருமகள் தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல மாட்டாள். அதனால் முதல் நாள் ஒவ்வொருவரோடும் ஆர்க்கிடெக்ட் தனியாகப் பேசி, இரண்டாம் நாள் எல்லோரையும் சேர்த்து உட்கார வைப்பதே நல்லது. முரண் வந்தால் யார் சொல் கடைசிச் சொல் என்பதையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். என் அபிப்பிராயத்தில் அது பணம் அனுப்புகிறவராக இருக்க வேண்டியதில்லை. அங்கே அதிக நாள் இருக்கப் போகிறவராக இருக்க வேண்டும்.

ஆக, வாடகை வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு. கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும் உள்ள, முடிவெடுப்பவர் இருவரே ஆன குடும்பத்துக்கு வினாத்தாளும் ஒரு முழுநாள் பேச்சும். பணம் ஓரிடம், ஆள் ஓரிடம், பெரிய வீட்டில் பங்கு இன்னோரிடம் என்று இருப்பவர்களுக்கு, அதாவது செட்டிநாட்டில் கட்டுகிற பெரும்பாலோருக்கு, உட்கார்ந்து பேசும் வழியைத்தான் நான் சொல்வேன். படத்தை எந்த வழியிலும் உடன் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் இது எதற்காகப் பிடித்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் அதுவும் தேவைக் குறிப்பின் பகுதியாகிவிடும்.

பேச்சு முடிந்ததும் மூன்று, நான்கு பக்கத்தில் எழுத்தாக வேண்டும். யார் யார், எந்த மாதங்களில், என்ன செய்வார்கள் என்பது முதலில். பிறகு தேவைகள் மூன்றாகப் பிரிந்து நிற்கட்டும்: இப்போதே கட்ட வேண்டியவை, பின்னால் கட்ட இடம் விட்டு வைக்க வேண்டியவை, வேண்டாம் என்று பேசி முடித்தவை. மூன்றாவது பட்டியலை யாரும் எழுதுவதில்லை. வேலை நடக்கும்போது திரும்பத் திரும்பத் தலைதூக்கும் சண்டைகள் எல்லாம் அதை எழுதாமல் விடுவதிலிருந்துதான் வருகின்றன. உள் அளவா, சுவர் சேர்த்த அளவா என்று எழுதுங்கள். மொத்தத் தொகையையும், அதில் சதுர அடி ரேட்டுக்கு வெளியே போகும் செலவுகளையும் தனி வரிகளாகக் காட்டுங்கள். குடும்பத்தின் சார்பில் ஒருவரும் ஆர்க்கிடெக்டும் கையெழுத்திட்ட பிறகே பென்சில் தாளைத் தொடட்டும்.

இந்தக் கட்டத்துக்கு ஆர்க்கிடெக்டிடம் தனியாகக் கட்டணம் பேசிக் கொடுத்துவிடுவது நல்லது. இலவசமாகக் கேட்டால் அவரும் அவசரமாகத்தான் செய்வார். தனிக் கட்டணம் என்றால் எழுதிய தாள்கள் குடும்பத்தின் சொத்து. அதன்பின் அவரிடமே வரைபடம் வாங்கலாம். ஒத்துவராவிட்டால் வேறொரு ஆர்க்கிடெக்டிடமோ ஊர் இன்ஜினீயரிடமோ அதே தாள்களைக் கொடுத்து வேலையைத் தொடரலாம்.